95-ஆம் எண் அம்பு: பழைய ஆர் நிரல்களில் அடிக்கோட்டை `<-` ஆகத் திருத்தும் வேலை

2003-க்கு முன், புள்ளியியல் கணக்கீட்டுக்கான நிரல்மொழியான ஆர் (R) அல்லது அதன் முன்னோடி எஸ் (S) மொழியில் எழுதப்பட்ட கோப்புகளில் `அ_5` என்ற மாதிரி வரிகள் நிறைய இருக்கும். அங்கே அடிக்கோடு பெயரின் பகுதி இல்லை, மதிப்பிருத்தல் குறி. ‘அ என்ற மாறியில் 5-ஐ வை’ என்பதுதான் அந்த வரி. இன்றைய ஆர் அதை அப்படிப் படிக்காது. இப்படிப்பட்ட கோப்புகளை இன்று ஓடவைக்கும் வேலையைப் படிப்படியாக இங்கே எழுதியிருக்கிறோம். எடுத்துக்காட்டுகளில் மாறிப் பெயர்களும் செயற்கூறுப் பெயர்களும் தமிழில் இருக்கும். விதிகள் எந்தப் பெயருக்கும் ஒன்றுதான்.

ஆர் 1.8.0, 2003 அக்டோபரில் வந்தது. அதில் அடிக்கோடு மதிப்பிருத்தல் குறியாக இருந்தது நீக்கப்பட்டது. 2004 ஏப்ரலில் வந்த 1.9.0, அதே அடிக்கோட்டைப் பெயர்களுக்குள் அனுமதித்தது. சிக்கலின் வேர் இந்த இரண்டாவது மாற்றம். முதல் மாற்றத்தோடு நின்றிருந்தால் பழைய வரி ஒவ்வொன்றும் பிழை காட்டி நின்றிருக்கும், ஒவ்வொன்றாகத் திருத்திவிடலாம். இப்போது பல வரிகள் பிழையே இல்லாமல் வேறு அர்த்தத்தில் ஓடுகின்றன.

எந்த வரி எப்படி மாறுகிறது என்று பார்த்துவிடுவோம். `அ _ 5` என்று இடைவெளி விட்டு எழுதியிருந்தால் பார்சர் (நிரலை ஓட்டும் முன் படித்துப் பிரிக்கும் பகுதி) அங்கேயே நின்றுவிடும், இது நல்லது. `அ[3]_7` என்பதும் நிற்கும், ஏனென்றால் பெயர் அடிக்கோட்டில் தொடங்கக் கூடாது. `அ_5` என்பது ஒரே பெயர் ஆகிவிடும். ஓடும்போது ‘அப்படி ஒரு பொருள் இல்லை’ என்று பிழை வரும். `எண்_நீளம்(வ)` என்பது `எண்_நீளம்` என்ற செயற்கூறை அழைப்பதாகிவிடும். `அ_-1` என்பது `அ_` என்ற பெயரிலிருந்து 1-ஐக் கழிப்பதாகிவிடும், ஏனென்றால் பெயர் அடிக்கோட்டில் முடியலாம். இவை எல்லாம் அந்த வரி ஓடினால்தான் தெரியும். அரிதாக அழைக்கப்படும் செயற்கூறுக்குள் இருந்தால் மாதக்கணக்கில் தெரியாமலே கிடக்கும்.

இவற்றில் மோசமானது `த$ஆ_7`. பழைய பொருள்: த என்ற அட்டவணையின் ஆ நெடுவரிசையில் 7-ஐ வை. இன்றைய பொருள்: த-விலிருந்து `ஆ_7` என்ற நெடுவரிசையை எடு. அப்படி ஒரு நெடுவரிசை இல்லை என்றால், சாதாரண தரவுச் சட்டகம் சத்தமில்லாமல் வெற்று மதிப்பைத் திருப்பும். பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது. 7 எங்கும் போய்ச் சேராது, நிரல் கடைசி வரை ஓடி முடியும், கிடைக்கும் விடை தவறாக இருக்கும். ‘ஓட்டிப் பார்த்து, பிழை வந்த இடத்தைத் திருத்தலாம்’ என்ற வழி இதனால்தான் இங்கே உதவாது. ஓட்டும் முன்பே எழுத்து எழுத்தாகத் திருத்திவிட வேண்டும்.

அம்பு எப்படி அடிக்கோடு ஆனது

திருத்தும் முறை சரி என்று நம்ப இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஆஸ்கி தரம் 1963-இல் முதலில் வந்தபோது, அதில் 95-ஆம் எண்ணுக்கு உரிய உருவம் இடப்பக்க அம்பு ←. 94-ஆம் எண்ணுக்கு மேல் அம்பு ↑. அதே காலத்தில் வந்த டெலிடைப் மாடல் 33 தட்டச்சு முனையத்தில், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஆங்கில ஓ விசையைத் தட்டினால் ← விழும். என் விசையைத் தட்டினால் ↑ விழும். ஓ-வின் எண் 79, அம்பின் எண் 95. என்-னின் எண் 78, மேல் அம்பின் எண் 94. இரண்டிலும் வித்தியாசம் 16. ஷிஃப்ட் விசை செய்தது 16 மதிப்புள்ள அந்த ஒரு பிட்டைப் புரட்டியது மட்டுமே. எந்த எழுத்து எந்த விசையில் உட்கார வேண்டும் என்பதைக் குறிமுறை எண்ணே தீர்மானித்த காலம் அது.

1967-இல் தரம் திருத்தப்பட்டபோது 95-இல் அடிக்கோடும் 94-இல் கூரைக்குறியும் (^) வந்தன. ஆனால் அலுவலகங்களில் இருந்த இயந்திரங்களின் அச்செழுத்துகள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஒரே கோப்பில் உள்ள ஒரே 95, ஒரு முனையத்தில் அம்பாகவும் இன்னொன்றில் அடிக்கோடாகவும் விழுந்தது. 1982-இல் வந்த கமடோர் 64 கணினியின் விசைப்பலகையில்கூட இடது மேல் மூலையில் ← விசை உண்டு.

மதிப்பிருத்தலுக்கு அம்பைப் போடும் பழக்கத்துக்கு ஏபிஎல் மொழி பெரிய காரணம். ஐபிஎம் 2741 முனையத்தின் ஏபிஎல் விசைப்பலகையில் பி எழுத்துக்கு வலப்பக்கத்தில் ← தனி விசையாகவே இருந்தது. ஜெராக்ஸ் ஆல்டோவின் விசைப்பலகையிலும் அம்பு விசை இருந்தது. ஸ்மால்டாக் மொழி அதைப் பயன்படுத்தியது. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் தொடங்கிய எஸ் மொழியில் இரண்டு வடிவங்களும் செல்லும்: `<` உடன் `-` சேர்த்து இரண்டு தட்டில் வரையும் அம்பு, அல்லது ஒரே தட்டில் 95. எஸ் மொழியைப் பின்பற்றி நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய ஆர் இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

ஃபோர்ட்ரான் மொழியின் மதிப்பிருத்தல் குறியான `=`-க்கும் இதே மாதிரி ஒரு வரலாறு உண்டு. ஐபிஎம் 026 அட்டைத் துளைப்பியில் 8-3 என்ற துளைச் சேர்க்கை, அறிவியல் பணிக்கான இயந்திரத்தில் `=` என்றும் வணிகப் பணிக்கான இயந்திரத்தில் `#` என்றும் அச்சாகும். துளை ஒன்றுதான். அந்தக் காலத்து 48 எழுத்துத் தொகுதியில் முக்காற்புள்ளியே கிடையாது; அல்கால் மொழியின் மதிப்பிருத்தல் குறியான `:=` அங்கே அப்படியே எழுத முடியாத குறி.

இதிலிருந்து வேலைக்கு வேண்டியது ஒன்றுதான். 1.9.0-க்கு முந்தைய ஆர் நிரலில், மேற்கோளுக்கும் குறிப்புரைக்கும் வெளியே நிற்கும் 95 ஒவ்வொன்றும் மதிப்பிருத்தல் குறியே. பெயருக்குள் அது வர அனுமதியே இல்லை, அதனால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஊகிக்காமல் எந்திரத்தனமாகத் திருத்தலாம்.

கோப்புகளைப் பிரித்தல், பைட்டுகளைச் சரிபார்த்தல்

மேலே சொன்ன உறுதி பழைய கோப்புக்கு மட்டும்தான். 2004-க்குப் பின் யாராவது பாதி திருத்திய கோப்பில் `சராசரி_உயரம்` போன்ற புதுப் பாணிப் பெயர்களும் கலந்திருக்கும். கலப்புக் கோப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி: அடிக்கோடு உள்ள பெயர் ஒன்று `<-` குறிக்கு இடப்பக்கத்தில் வந்தால் அது புதுப் பாணி. அப்படிப்பட்ட கோப்புகளைத் தனி அடைவுக்கு மாற்றிவிட்டுக் கையால் திருத்துங்கள். கோப்பின் தேதியை நம்ப வேண்டாம், நகலெடுக்கும்போது அது மாறிவிடும்.

அடுத்து வரி முடிவு. பழைய மேக் கோப்புகளில் வரி முடிவு 13-ஆம் எண் மட்டும், 10 இருக்காது. அதை மாற்றாமல் விட்டால், முதல் `#` தொடங்கியதும் மீதிக் கோப்பு முழுவதும் ஒரே குறிப்புரையாகிவிடும், அதன் பின் ஒரு அடிக்கோடுகூடத் திருந்தாது. 13-10 ஜோடியை முதலில் 10 ஆக்கி, பிறகு தனியாக நிற்கும் 13-ஐ 10 ஆக்க வேண்டும். வரிசை மாறினால் ஒவ்வொரு வரிக்கும் இடையில் ஒரு வெற்று வரி முளைக்கும்.

மூன்றாவது, குறிமுறை, அதாவது எழுத்துகளை எந்த எண்களாகச் சேமிப்பது என்ற முறை. பல பழைய கோப்புகள் லத்தீன்-1-இல் இருக்கும். யூடிஎஃப்-8 என்று திறந்தால் குறிப்புரையில் உள்ள ஒரு ஐரோப்பிய எழுத்திலேயே வாசிப்பு முறிந்துபோகும். கோப்பை வெறும் பைட்டுகளாக வாசித்தால் இந்தத் தொல்லை இல்லை. லத்தீன்-1-இலும் யூடிஎஃப்-8-இலும் 95 என்ற பைட் வந்தால் அது அடிக்கோடு மட்டுமே. ஜப்பானிய ஷிஃப்ட்-ஜிஸ் கோப்பு விதிவிலக்கு. அதில் ‘ダ’ எழுத்தின் இரண்டு பைட்டுகள் 131, 95. ‘ソ’ எழுத்தின் இரண்டாம் பைட் 92, அதாவது பின்சாய்வு. மேற்கோளுக்குள் ‘ソ’ கடைசி எழுத்தாக வந்தால் அடுத்து வரும் மேற்கோள், மூடும் குறியாக எடுத்துக்கொள்ளப்படாது. ஷிஃப்ட்-ஜிஸ் என்று தெரிந்தால் முதலில் யூடிஎஃப்-8-க்கு மாற்றிவிட்டுத்தான் தொட வேண்டும்.

திருத்தும் நிரல்

தேடி மாற்றும் கட்டளையால் இதைச் செய்யக் கூடாது. மேற்கோளுக்குள் இருக்கும் கோப்புப் பெயர்களில் அடிக்கோடு சர்வ சாதாரணம், அவை எல்லாம் கெட்டுப்போகும். ஐந்து நிலைகள் கொண்ட சிறு நிலைப்பொறி (எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து அடுத்த பைட்டைக் கையாளும் நிரல்) போதும். எந்த மொழியில் எழுதினாலும் ஒரு திரைக்குள் அடங்கிவிடும்.

நிலைகள்: நிரல், இரட்டை மேற்கோள், ஒற்றை மேற்கோள், குறிப்புரை, சதவீதக் குறி. தொடக்கத்தில் ‘நிரல்’. பைட் ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். நிரல் நிலையில் 34 வந்தால் இரட்டை மேற்கோளுக்கும், 39 வந்தால் ஒற்றை மேற்கோளுக்கும், 35 வந்தால் குறிப்புரைக்கும், 37 வந்தால் சதவீத நிலைக்கும் போக வேண்டும். மேற்கோள் நிலைகளில் 92 வந்தால் அடுத்த பைட்டைப் பார்க்காமல் அப்படியே எழுதிவிட வேண்டும். திறந்த அதே குறி மறுபடி வந்தால் நிரல் நிலைக்குத் திரும்ப வேண்டும். குறிப்புரை 10-இல் முடியும். சதவீத நிலை அடுத்த 37-இல் முடியும். பயனர் வரையறுத்த செயற்குறிகள் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவில் எந்த எழுத்தையும் வைத்துக்கொள்ளலாம், அடிக்கோடு உட்பட. அதற்காகத்தான் இந்த நிலை. மீதி காணும் `%%` வந்தால் உடனே திறந்து உடனே மூடும், தொல்லை இல்லை.

குறிப்புரை நிலையைத் தனியாக வைப்பது கட்டாயம். ஆங்கிலக் குறிப்புரைகளில் உடைமைக் குறியாக ஒற்றை மேற்கோள் அடிக்கடி வரும். குறிப்புரைக்குள்ளும் மேற்கோளைத் தேடினால், அந்த ஒரு குறியிலிருந்து கோப்பின் உள்ளும் புறமும் தலைகீழாகிவிடும்: சரங்கள் (மேற்கோளுக்குள் இருக்கும் உரை) நிரலாகவும் நிரல் சரமாகவும் தெரியும். கோப்பு முடியும்போது பொறி மேற்கோள் நிலையில் நின்றால், அந்தக் கோப்பை எழுதாமல் பெயரை மட்டும் அறிக்கையில் போடும்படி வையுங்கள்.

நிரல் நிலையில் 95 வந்தால், ஏற்கெனவே எழுதியதன் கடைசியில் உள்ள இடைவெளிகளையும் தத்தல்களையும் (டேப்) நீக்கிவிட்டு, ஓர் இடைவெளி, `<-`, ஓர் இடைவெளி என்று எழுதுங்கள். அடுத்து வரும் இடைவெளிகளையும் தாண்டிவிடுங்கள். 10-ஐ மட்டும் தாண்டக் கூடாது. `அ_ஆ_0` என்ற சங்கிலி `அ <- ஆ <- 0` ஆகும், இரண்டு மாறிகளிலும் 0 போய்ச் சேரும்.

அடிக்கோட்டுக்குப் பதிலாக `=` போடலாமே என்று தோன்றும், ஒரு எழுத்துக்கு ஒரு எழுத்து. கூடாது. ஆரில் `=` மதிப்பிருத்தலாக வந்தது 2001 டிசம்பரின் 1.4.0-இல்தான், அதன் முன்னுரிமை `<-` குறியைவிடக் கீழே. `கூட்டு(ஆ_3)` என்ற வரி, 3-ஐ ஆ-வில் வைத்து அதைக் கூட்டுக்குக் கொடுத்தது. அதை `கூட்டு(ஆ = 3)` என்று மாற்றினால் அது பெயருள்ள அளபுரு; ஆ என்ற மாறி பிறக்கவே பிறக்காது, பின்வரும் வரிகள் பழைய ஆ-வையோ ஒன்றுமில்லாததையோ எடுத்துக்கொள்ளும். நிபந்தனைக்குள் `=` வந்தால் தொடரியல் பிழை. `அ <- ஆ = 5` என்று இரண்டும் கலந்தால் புரியாத பிழைச்செய்தி ஒன்று வரும். பழைய ஆர் அடிக்கோட்டை `<-` ஆகவே நடத்தியது, அதையே போடுவதுதான் பொருள் மாறாத வழி.

சரிபார்ப்பு

முதலில் எண்ணிக்கை. திருத்திய கோப்பில் உள்ள `<-` எண்ணிக்கை, பழைய கோப்பில் இருந்த `<-` எண்ணிக்கையோடு நிரல் நிலையில் கண்ட 95-களின் எண்ணிக்கையைக் கூட்டினால் வருவதாக இருக்க வேண்டும். மேற்கோளுக்குள் இருந்த அடிக்கோடுகளின் எண்ணிக்கை மாறவே கூடாது.

இரண்டாவது, எல்லாக் கோப்புகளையும் ஓட்டாமல் பார்ஸ் மட்டும் செய்யுங்கள். மூன்றாவது, மூலத்தை வைத்துக்கொண்டு பார்ஸ் செய்து, ‘கெட்பார்ஸ்டேட்டா’ (`getParseData`) செயற்கூறு தரும் அட்டவணையில் பெயர் வகைத் துண்டுகளில் அடிக்கோடு உள்ளவற்றை வடிகட்டுங்கள். பழைய கோப்பில் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அது கலப்புக் கோப்பு, முதல் கட்டத்துக்குத் திரும்ப வேண்டும்.

இதற்குப் பிறகும் ஒரு கண்ணி காத்திருக்கிறது, நிரலில் இல்லை, தரவில். 1.9.0-க்கு முன் பெயரில் அடிக்கோடு செல்லாது என்பதால், அட்டவணைக் கோப்பை வாசிக்கும்போது தலைப்பில் உள்ள அடிக்கோடுகளை ஆர் தானே புள்ளியாக மாற்றிவிடும். `உயரம்_செமீ` என்ற தலைப்பு `உயரம்.செமீ` ஆகும், பழைய நிரலும் புள்ளி வைத்த பெயரைத்தான் கேட்கும். இன்றைய ஆர் அடிக்கோட்டை அப்படியே விட்டுவிடும். `த$உயரம்.செமீ` கேட்டால் மறுபடியும் அதே சத்தமில்லாத வெற்று மதிப்பு. வாசித்த உடனே தலைப்புகளை ‘மேக்.நேம்ஸ்’ (`make.names`) செயற்கூறு வழியாக, அடிக்கோட்டை அனுமதிக்காத தெரிவோடு அனுப்பினால் பழைய நடத்தை திரும்பும். அந்தத் தெரிவு வைக்கப்பட்டிருப்பதே 1.9.0-க்கு முந்தைய நிரல்களுக்காகத்தான். நிரலைத் திருத்தியவர்கள் பலர் இந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள்.

பழைய வெளியீட்டோடு ஒப்பிடும்போது எண்கள் வேறாக வந்தால் உடனே அம்பைச் சந்தேகிக்க வேண்டாம். 1.7.0-இல், வேறு எதுவும் சொல்லாதபோது ஆர் பயன்படுத்தும் சமவாய்ப்பு எண் உற்பத்தி முறை மெர்சென் ட்விஸ்டருக்கு மாறியது. 2019-இல் 3.6.0, மாதிரி எடுக்கும் முறையை மாற்றியது. 2020-இல் 4.0.0, சரங்களைத் தானாகக் காரணியாக (வகைகளைக் குறிக்கும் தரவு வகை) மாற்றுவதை நிறுத்தியது. முதல் இரண்டுக்கும் ‘ஆர்என்ஜிவெர்ஷன்’ (`RNGversion`) செயற்கூறில் பழைய பதிப்பு எண்ணைக் கொடுத்துவிட்டு விதை எண்ணை அமைத்தால் பழைய வரிசை கிடைக்கும். மூன்றாவதற்கு வாசிக்கும் வரியிலேயே தெரிவை வெளிப்படையாக எழுதுவது நல்லது.

விசையில் அம்பு

கோப்பு சரியானதும் இனி எழுதுவதற்கு வசதி வேண்டும். ஆர் நிரல் எழுதும் எடிட்டரான ஆர்ஸ்டூடியோவில் ஆல்ட் விசையோடு கழித்தல் குறி அழுத்தினால் இருபுறமும் இடைவெளியோடு `<-` விழும். இமாக்ஸ் எடிட்டருக்கான ஆர் துணைத்தொகுப்பு ஈஎஸ்எஸ் நெடுங்காலம் அடிக்கோட்டு விசைக்கே `<-` கொடுத்து வைத்திருந்தது. இரண்டு முறை தட்டினால்தான் அடிக்கோடு. அந்த வசதி இருக்கும் பழைய பதிப்புகளில், பெயர்களில் அடிக்கோடு எழுதுபவர்கள் அதை அணைத்துவிடலாம்.

நிரலாக்க விசைப்பலகையில் மேக்ரோ வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேக்ரோ எழுத்தை அனுப்புவதில்லை, விசையின் இடத்தை அனுப்புகிறது. அமெரிக்க அமைப்புக்கு எழுதிய `<-` மேக்ரோவை ஜெர்மன் அமைப்பில் தட்டினால் அரைப்புள்ளியும் எஸ்ஸெட் எழுத்தும் விழும். அமைப்பை அடிக்கடி மாற்றுபவர்களுக்கு எடிட்டரின் குறுக்குவழியே பாதுகாப்பு.

உண்மையான ← வேண்டுமென்றால், லினக்ஸில் கம்போஸ் விசையை (அடுத்தடுத்த தட்டுகளை ஒரே குறியாக இணைக்கும் விசை) இயக்கிவிட்டு, கம்போஸ், `<`, `-` என்று வரிசையாகத் தட்டலாம். விண்டோஸில் ஆல்டை அழுத்திக்கொண்டு எண் பலகையில் 27. டயலாக் ஏபிஎல்லில் அம்பு பழைய இடத்திலேயே இருக்கிறது, பி-க்கு வலப்பக்கத்துச் சதுர அடைப்பு விசையில். ஆனால் இந்த அம்பின் யூனிகோடு எண் 8592. ஆர் இதை மதிப்பிருத்தலாக ஏற்காது. ஆவணங்களிலிருந்து ஒட்டிய நிரலில் இது வந்தால் `<-` ஆக மாற்றித்தான் ஓட்ட முடியும். சொற்செயலி தானாகத் திருத்தும் கோடும் அப்படித்தான்: கழித்தல் குறி 45, சொற்செயலி வைக்கும் நீண்ட கோடு 8211. கண்ணுக்கு `<–` அம்பு மாதிரியே தெரியும், பார்சர் நின்றுவிடும்.

பார்வைக்கு அம்பு, கோப்பில் இரண்டு எழுத்து என்று வேண்டுபவர்களுக்கு ஃபிரா கோட் போன்ற இணைவெழுத்து எழுத்துருக்கள் நல்ல வழி. அவை 60, 45 என்ற ஜோடியைத் திரையில் மட்டும் அம்பாகக் காட்டும். பழைய கோப்புகளைச் சரிபார்க்கும்போது இந்த எழுத்துருவை நாங்கள் வலியுறுத்துவோம். காரணம், நிபந்தனைக்குள் இருக்கும் `அ<-5`. எழுதியவர் நினைத்தது ‘அ, கழித்தல் ஐந்தைவிடச் சிறியதா’. ஆர் படிப்பது ‘அ-வில் ஐந்தை வை’. அந்த மதிப்பு சுழியம் இல்லை என்பதால் நிபந்தனை எப்போதும் உண்மை, அ-வும் கெட்டுப்போகும். சாதாரண எழுத்துருவில் கண் இதைத் தாண்டிப் போய்விடும். இணைவெழுத்தில் நிபந்தனைக்குள் ஓர் அம்பு எடுப்பாகத் தெரியும். இந்தப் பிழை அடிக்கோட்டால் வந்ததல்ல, பழைய ஆரிலும் இப்படித்தான் ஓடியது. அதனால் திருத்தினால் பழைய வெளியீட்டோடு விடை ஒத்துப்போகாது. அடிக்கோட்டுத் திருத்தத்தை ஒரு பதிவாக (கமிட்) சேமித்து, வெளியீட்டை ஒப்பிட்டு முடித்த பிறகு, இதைத் தனிப் பதிவாக `அ < -5` என்று இடைவெளி விட்டு மாற்றுங்கள்.